குடிக்கூலிப் போர்

மழை பொய்த்தால் வருணன் கோபம் என்பார் உண்டு. பிள்ளை மாண்டால் தலையெழுத்து என்பார் உண்டு. அவர்தம் அறியாமை கண்டு நாம் நகைக்கிறோம். நகைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். வாயிலில் வீட்டுக்காரர் காத்திருக்கிறார். "அடுத்த மாதம் முதல் வாடகை உயர்கிறது" என்கிறார். ஏன் என்று கேட்டால், "கிராக்கி! காலம் அப்படி, என் கையில் என்ன இருக்கிறது?" என்று கையை விரிக்கிறார். வருணனை மறுத்த நாம், வாய் பேசாது தலையை ஆட்டிவிட்டு உள்ளே செல்கிறோம்.

கிராக்கி! அதற்குக் கோயில் இல்லை, குருக்கள் இல்லை, தேர் இல்லை, திருவிழா இல்லை. எனினும், மாதம் தவறாமல் காணிக்கை பெறும் தெய்வம் அது. அத்தெய்வத்தையும் ஒருநாள் சில பெண்கள் எதிர்த்து நின்று, "உன்னைப் படைத்தவர் யார்?" என்று கேட்டனர். பட்டம் பெற்றவர் அல்லர் அப்பெண்கள். பதவி வகித்தவர் அல்லர். பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமைகூட அற்றவர்கள். ஆற்றங்கரைப் புறநகர் ஒன்றிலே, அடுக்களைக்கும் துணி துவைக்கும் கொட்டிலுக்கும் இடையே வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்கள் எழுப்பிய கேள்விக்கு 1915ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றமே விடை கூற வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே கூற விழைகிறோம்.

ஸ்காட்லாந்தின் பெருநகர் கிளாஸ்கோ. அதனூடே ஓடுவது கிளைடு ஆறு. ஆற்றின் தென்கரையில், நகரின் நடுவிடத்திலிருந்து மேற்கே மூன்று கல் தொலைவுக்குள் அமைந்தது கோவன் எனும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அது சிற்றூர். கைத்தறி நெய்வோர் வாழ்ந்த ஊர். 1841இல் ராபர்ட் நேப்பியர் அங்கே கப்பல் கட்டும் தளம் கண்டார். 1864இல் ஜான் எல்டரின் நிறுவனம் பேர்பீல்டு தளத்தில் கால் ஊன்றிற்று. அதே ஆண்டில் கோவன் தனி நகராட்சியாயிற்று. அப்போது அங்கு வாழ்ந்தோர் பத்தாயிரத்துக்கும் குறைவு. 1912இல் கிளாஸ்கோ மாநகராட்சி அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, மக்கள் தொகை எண்பதாயிரத்தைத் தாண்டி நின்றது.

அந்நகராட்சியின் முத்திரையில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் உண்டு. உழைப்பின்றி எதுவும் இல்லை என்பது அதன் பொருள். உண்மைதான்! இரும்பை உருக்கியோர் உழைத்தனர். ஆணி அறைந்தோர் உழைத்தனர். கடல் கடக்கும் கப்பல்கள் அவர்தம் கைகளில் பிறந்தன. ஆற்றங்கரைச் சேறு பொன் விளையும் பூமியாக மாறிற்று. அந்தப் பொன் யார் வீட்டுக்குச் சென்றது? உழைத்தோர் எத்தகைய வீட்டில் உறங்கினர்? முத்திரை இதற்கு விடை கூறவில்லை.

மணற்கல்லால் எழுப்பிய மூன்றடுக்கு, நான்கடுக்கு மாளிகைகள் வீதிதோறும் நின்றன. வெளியே நின்று காண்போர், "என்னே தோற்றம்!" என்பர். உள்ளே சென்று பார்த்தாலோ, ஒரே நடையும் ஒரே மாடிப்படியும் பல குடும்பங்களுக்குப் பொது. ஓரறை வீடு, அல்லது ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. சமையற்கட்டின் சுவரிலே குடையப்பட்ட மாடத்தில் படுக்கை. பல வீடுகளுக்குக் கழிப்பிடம் படிக்கட்டின் திருப்பத்தில். பலருக்கும் அதுவே பொது. பின்முற்றத்தில் துணி துவைக்கும் கொட்டில். அதிலும் முறை வைத்துத்தான் துவைக்க வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓரறை, ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர். அண்டை நாடான இங்கிலாந்திலோ அவ்வாறு வாழ்ந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

கிளாஸ்கோ நகரிலே மற்றுமொரு விந்தை நடந்தது. மிகச் சிறிய வீடுகளின் கதவில் தகரச் சீட்டு ஒன்றை அறைந்தனர். இவ்வளவு கன அடிக் காற்றுள்ள இவ்வீட்டில் இத்தனை பேரே உறங்கலாம் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. நள்ளிரவில் அதிகாரி வந்து கதவைத் தட்டுவார். படுத்திருப்போரின் தலைகளை எண்ணுவார். கூடுதலாக இருந்தோர் கூரைமீதும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வராம்! நோயைத் தடுக்க வந்த சட்டமே அது. ஆனால் இடம் இல்லாதோருக்கு அச்சட்டம் இடம் தரவில்லை. எண்ணிக்கையை மட்டும் தந்தது.

வீட்டுக்கு உடையவரைக் குடியிருப்போர் காண்பது அரிது. அவர் சார்பில் வருபவர் காரியஸ்தர். வாடகை தண்டுவது அவர். வீடு கேட்டு வருவோரின் ஒழுக்கத்தை விசாரிப்பது அவர். வேண்டாதோரை வெளியேற்றுவதும் அவரே. பாக்கி விழுந்தால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும் உரிமையைச் சட்டம் வீட்டுக்காரருக்கு அளித்திருந்தது. கட்டிலும் நாற்காலியும் ஏலத்துக்குப் போகும். முன்னாளில் சிறு வீடுகளையும் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் செய்தாக வேண்டும்; வேலை போனாலும் விட்டு விலக இயலாது. இதனை எதிர்த்துத் தொழிலாளர் நெடுங்காலம் முறையிட்டதன்பேரில், 1911ஆம் ஆண்டுச் சட்டம் மாத வாடகை முறைக்கு வழி வகுத்தது. விடுதலைதான்! ஆனால் இருபுறமும் கூரிய கத்தி அது. குடியிருப்பவர் விரைவில் வெளியேறலாம். வீட்டுக்காரரும் விரைவில் வாடகையை உயர்த்தலாம்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. கிளைடு ஆற்றங்கரை இரவும் பகலும் உறங்காது உழைத்தது. போர்க்கப்பல் வேண்டும், பீரங்கி வேண்டும், குண்டு வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. ஆயிரமாயிரம் தொழிலாளர் வேலை நாடி வந்து குவிந்தனர். வீடு கட்டுவதோ, போருக்குச் சில ஆண்டுகள் முன்பே தளர்ந்துபோயிருந்தது. போர் வந்ததும் அடியோடு நின்றது. காலியாகக் கிடந்த வீடுகள் நிரம்பின. வந்தது கிராக்கி! 1915ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கோவனில் வாடகையேற்ற அறிவிப்புகள் வந்து விழுந்தன. சில இடங்களில் ஏற்றம் 25 விழுக்காடு வரை சென்றது.

வெளியேறி வேறிடம் செல்லலாமே என்பீர். செல்ல வீடு இல்லை. வேறு ஊருக்குப் போகலாமே என்பீர். அதற்கும் தடை! 1915 ஜூலையில் வந்த போர்த்தளவாடச் சட்டப்படி, தளவாடத் தொழிலாளி ஒருவர் முதலாளியிடம் விடுகைச் சான்று பெறாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. வேலைநிறுத்தமும் சட்டவிரோதம். கை கட்டப்பட்டது, கால் கட்டப்பட்டது. பின்னர் மடியிலே கைவிட்டனர்! கணவன் பிரான்சு நாட்டுப் பதுங்கு குழியில் கிடக்க, சர்க்கார் தரும் சிறு உதவித்தொகையில் பிள்ளைகளைக் காத்த பெண்ணுக்கும் அதே அறிவிப்புத்தான். ஷெட்டில்ஸ்டன் பகுதியில், போர்முனையில் காயமுற்ற வீரனின் குடும்பத்தையே சிறு பாக்கிக்காக வெளியேற்ற முனைந்தனர். அண்டை அயலார் திரண்டு தடுத்தனர்.

ஆடவரைச் சட்டம் கட்டிவிட்டது. பெண்களைக் கட்ட அது மறந்துவிட்டது. அடுப்பங்கரையிலே இருப்போரால் அரசுக்கு என்ன ஆபத்து என்று எண்ணினர் போலும்!

கோவனில் வாழ்ந்தவர் மேரி பார்பர் அம்மையார். 1875இல் கில்பார்கன் எனும் சிற்றூரில், கம்பளம் நெய்பவரின் மகளாகப் பிறந்தவர். பொறித்தொழிலாளி ஒருவரை மணந்து கோவனில் குடியேறினார். கூட்டுறவுச் சங்கத்தின் மாதர் குழுவிலே பொதுப்பணி பயின்றார். 1914இல் கிளாஸ்கோ மாதர் வீட்டுவசதிச் சங்கம் தோன்றியிருந்தது. எலன் கிராபர்டு, ஆக்னஸ் டோலன், மேரி லேர்டு ஆகியோர் அதிலே முன்னின்றனர். கோவன் பகுதியிலே கிளர்ச்சியைக் கட்டியமைத்தவர் பார்பர் அம்மையார். பார்பரின் பட்டாளம் என்று அப்பெண்களை வரலாறு இன்றும் அழைக்கிறது.

அப்பட்டாளத்தின் பாசறை எது? சமையற்கட்டு. பயிற்சிக்களம்? பின்முற்றம். ஆயுதம்? மணி! வீதிதோறும் குழு அமைத்தனர். படிக்கட்டிலும் முற்றத்திலும் கூட்டம் நடத்தினர். "பழைய வாடகை இதோ, பெற்றுக்கொள்க. ஏற்றம் மட்டும் தர இயலாது" என்பதே அவர்கள் முடிவு. நாங்கள் வெளியேற மாட்டோம் என்று அச்சிட்ட அட்டைகள் சன்னல்தோறும் தொங்கின. ஒருத்தி மணியுடன் நடையிலே காவல் அமர்வாள். நீதிமன்ற அமீனா வருவது தெரிந்தால் மணி ஒலிக்கும். மாவு பிசைந்த கையுடன் ஒருத்தி, ஈரத்துணியுடன் ஒருத்தி, இடுப்பிலே குழந்தையுடன் ஒருத்தி என மாடிப்படி முழுதும் பெண்கள் நிறைந்துவிடுவர். உள்ளே நுழைய இடம் ஏது? மீறி வந்தவர்மீது பட்டாணி மாவும் கோதுமை மாவும் பொழிந்தன. கறுப்புச் சட்டையுடன் வந்த அமீனா வெள்ளையாகத் திரும்பினார்! ஊர் சிரித்தது. சிரிப்புக்கு அஞ்சாத அதிகாரம் உண்டோ?

சூழ்ச்சியும் நடந்தது. காரியஸ்தர் ஒருவர், "மற்றவர்கள் எல்லோரும் ஏற்றத்தைச் செலுத்திவிட்டனர், நீ மட்டும் ஏன் அடம் பிடிக்கிறாய்?" என்று வீடு வீடாகக் கூறிப் பணத்தைப் பெற்றுவிட்டார். ஒருத்தியை மற்றொருத்திக்குத் தெரியாமல் ஏய்ப்பது பழைய வித்தைதானே! பொய் வெளிப்பட்டதும் பார்பர் அம்மையார் கப்பல் தளத்து ஆடவரை அழைத்துக்கொண்டு காரியஸ்தரின் அலுவலகத்துக்கே சென்றார். கரி படிந்த முகங்களைக் கண்டதும் பணம் திரும்பி வந்தது. தனித்தனியே ஏமாந்தவர்கள் ஒன்றாகக் கேட்டபோது பெற்றனர்.

இலையுதிர் காலத்துக்குள் கிளர்ச்சி ஆற்றின் இரு கரையிலும் பரவிற்று. நவம்பர் மாத அளவில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகைப் போரில் ஈடுபட்டிருந்தன என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். ஊர்வலங்களில் பிள்ளைகளும் அட்டை ஏந்தினர். தந்தை வெளிநாட்டுப் பகைவனோடு போரிடுகிறார், வீட்டுக்காரரோ எம் இல்லத்தைத் தாக்குகிறார் என்று சிறுவன் ஏந்தி வரும்போது, அதற்கு எந்த அமைச்சர் விடை கூறுவார்? சர்க்கார் அக்டோபரில் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது.

வெளியேற்ற முடியாது என்று கண்ட ஒரு காரியஸ்தர் வேறு வழி தேடினார். எதிர்க்கரையிலுள்ள பார்ட்டிக் பகுதியில் குடியிருந்த தொழிலாளர் 18 பேர்மீது சிறுகடன் வழக்கு மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்புக் கிடைத்தால், பாக்கியைக் கூலியிலேயே பிடித்துவிடலாம். படிக்கட்டிலே நிற்கும் பெண்களைத் தாண்ட வேண்டியதில்லை! ஆனால் கூலியிலே கைவைத்ததும், கப்பல் தளங்களும் எழுந்தன. 1915 நவம்பர் 17. கருவிகளைக் கீழே வைத்தனர் தொழிலாளர். கோவனிலிருந்து பெண்கள் முன்செல்ல ஊர்வலம் புறப்பட்டது. வழியெங்கும் ஆலைகளிலிருந்து ஆடவர் வந்து சேர்ந்தனர். நீதிமன்றத்தைச் சூழ்ந்து பல்லாயிரவர் நின்றனர். கோவன் பள்ளிக் குழுவால் அம்மாதமே பணிநீக்கத்துக்கு உள்ளான ஆசிரியர் ஜான் மக்ளீன் மக்களிடையே முழங்கினார்.

உள்ளே ஷெரிப் எனப்படும் நீதிபதி. வெளியே மக்கள் வெள்ளம். தளவாட அமைச்சர் லாயிட் ஜார்ஜுடன் தொலைபேசியில் பேசப்பட்டது என்பர். வழக்குகள் கைவிடப்பட்டன. எட்டே நாள்! நவம்பர் 25இல் பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. டிசம்பர் 23இல் சட்டமாயிற்று. சிறு வீடுகளின் வாடகை, போர் மூண்ட 1914 ஆகஸ்டு மாத அளவுக்கு மேல் போர் முடிந்து ஆறு மாதம் வரை உயரலாகாது என்றது அச்சட்டம். ஸ்காட்லாந்தில் ஆண்டு மதிப்பு 30 பவுனுக்குள் இருந்த வீடுகள் அதன் பாதுகாப்பில் வந்தன. தனியார் வாடகை தனியாரின் ஒப்பந்தம், அதிலே அரசு தலையிடுவது இயற்கை விதிக்கே மாறு என்று பேசிய அறிஞர்கள் எத்தனை பேர்! அந்த இயற்கை விதி ஒரே மாதத்தில் மாறிவிட்டது. மாறக்கூடியது விதி ஆகுமா?

நேர்மையாளர் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். வீட்டுக்கு உடையவர் அனைவரும் கோடீசுவரர் அல்லர். கடைக்காரர், கைம்பெண், சிறு சேமிப்பாளர் எனப் பலர் கடன் பெற்று அந்த அடுக்குவீடுகளில் பணத்தை முடக்கியிருந்தனர். போரினால் வட்டி ஏறிற்று. அந்தச் சுமையையே குடியிருப்போர் தலையில் ஏற்றினர். எனவேதான் சட்டம் வாடகையுடன் அடமானக் கடனின் வட்டியையும் சேர்த்து நிறுத்தியது. இதில் ஒரு பாடம் உண்டு. வீட்டுக்காரர் காலத்தின்மேல் பழி போட்டார். காலமோ வட்டிக்காரரின் கையில் இருந்தது. திரையை விலக்கிப் பார்த்தால், தெய்வத்தின் பின்னே மனிதர்கள். மனிதர்களின் கையிலே கணக்கேடு!

கட்டுப்பாடு ஒன்றே போதும் என்று கூறுவதற்கும் இல்லை. வாடகை நின்றதும், இலாபம் குறைந்தது என்று தனியார் வீடு கட்டுவதிலிருந்து ஒதுங்கினர். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதிலும் பலர் கைவிட்டனர். காயத்தில் கட்டுப் போடலாம், கட்டு உணவாகாது. வீடு இல்லாத நாட்டுக்கு வீடுதான் வேண்டும். 1919இல் வந்த சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் அரசின் உதவியுடன் வீடு கட்ட வழி வகுத்தது. 1915 கிளர்ச்சியில் பங்குகொண்ட ஜான் வீட்லி, 1924இல் தொழிற்கட்சியின் முதல் ஆட்சியில் அமைச்சரானார். அவர் கொணர்ந்த வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வாடகை ஏற்றாதே என்ற குரல், வீடு கட்டு என்ற குரலாக வளர்ந்ததே அக்கிளர்ச்சியின் முழு வெற்றி.

மேரி பார்பர் அம்மையார், 1918இல் முப்பது வயது கடந்த பெண்கள் பலருக்கு வாக்குரிமை கிட்டிய பின், 1920இல் கோவனின் பேர்பீல்டு வட்டத்திலிருந்து கிளாஸ்கோ மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த ஆட்சியின் அமீனாவைப் படிக்கட்டில் தடுத்தாரோ, அந்த நகரின் ஆட்சி மன்றத்திலேயே அமர்ந்தார். குளிப்பிடம், துவைப்பிடம், குழந்தைகளுக்குப் பால், தாய்மார்க்கு மருத்துவ நிலையம் என்று பேசினார். 1920களின் நடுவில், மகப்பேற்றைத் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்ளப் பெண்களுக்கு அறிவுரை கூறும் நிலையம் கோவனில் தோன்ற முன்னின்றார். ஓரறை வீட்டில் எட்டுப் பிள்ளைகளை ஈன்று நலிந்த தாயின் துயரும் வீட்டுத் துயரின் ஒரு பகுதியே என்பதை அவர் அறிந்திருந்தார். 1958இல் மறைந்தார்.

கிளைடு கரையில் எழுந்த அலை கடலையும் கடந்தது. போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு பம்பாயில் 1918இல் வந்தது. கல்கத்தாவில் 1920இல் வந்தது. சென்னை மாகாணத்தில் 1946ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1949, 1960ஆம் ஆண்டுச் சட்டங்களும் நியாய வாடகை என்ற சொல்லை நம் வீதிகளுக்குக் கொணர்ந்தன. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய தமிழ்நாட்டுச் சட்டமோ, வாடகைத் தொகையை இரு தரப்பாரின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. பிரிட்டனிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் புதிய குடியிருப்புகளின் வாடகையைச் சந்தையிடம் ஒப்படைத்தன. பின்னர் விலைவாசி ஏறி மக்கள் தவித்தபோது, ஸ்காட்லாந்து பாராளுமன்றம் 2022இல் வாடகையேற்றத்துக்கு மீண்டும் தடை விதித்தது. 2024 மார்ச் வரை அத்தடை வெவ்வேறு அளவில் நீடித்தது. ஒரு தலைமுறை பெற்ற உரிமையை அடுத்த தலைமுறை காக்கத் தவறினால், அது பத்திரமாய் இராது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்று கோவனின் ஆற்றங்கரையில் பழைய கப்பல் தளங்களில் பெரும்பாலானவை இல்லை. எதிர்க்கரையில் ஆற்றைப் பார்த்து அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கின்றன. இரு கரையையும் இணைக்கும் பாலம் 2024இல் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் புகையும் இரைச்சலும் கொண்டு ஏழையின் தலையில் விழுந்த ஆற்றங்கரை, இன்று காட்சியும் காற்றும் என்று விலை பேசப்படுகிறது. ஆறு அதே ஆறுதான். விலையை எழுதும் கை மட்டும் மாறியிருக்கிறது.

பேர்பீல்டு தளத்தின் உடைமையாளரும், 1885இல் கோவனின் முதல் பாராளுமன்ற உறுப்பினருமான வில்லியம் பியர்சின் சிலை அவ்வூரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நிற்கிறது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், 2018 மார்ச் 8ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, மேரி பார்பரின் சிலை திறக்கப்பட்டது. பார்பர் அங்கே தனித்து நிற்கவில்லை. ஊர்வலமே அவர் பின்னே வருகிறது. பெண்கள், பிள்ளைகள், தொழிலாளர் எனத் திரண்ட ஊர்வலம். சிற்பி சரியாகவே கண்டிருக்கிறார். பெயர் ஒருவருடையது, போர் அனைவருடையது.

தோழர்களே! அப்பெண்கள் பொருளாதார நூல் கற்று வீதிக்கு வரவில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் கேட்டனர். எவர் ஏற்றினார், எதற்கு ஏற்றினார், எவருக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளை அண்டை வீட்டாரோடு கூடிக் கேட்டனர். தனியே கேட்டவள் வம்புக்காரி எனப்பட்டாள். இருபதாயிரவர் கேட்டபோது அது சட்டமாயிற்று. காலம் அப்படி என்று எவரேனும் கைவிரிக்கும்போது, அந்தக் கையிலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்கேடு இருக்கும். அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்!